தபாலில் வந்த கம்ப்யூட்டர் கேம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் கேம் விளையாடணும்கிறான். கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போடணுமா?" அவர்களிடம் நான் ஃப்ளையிங் பஃபலோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையைச் சொல்வேன். அதன் கேம்களை விளையாட கிராபிக்ஸ் கார்டு என்ன, கம்ப்யூட்டரே வேண்டியதில்லை. பேனாவும் தபால் தலையும் போதும். கம்ப்யூட்டர் நிறுவனத்திடம் இருந்தது!

1970-ல் ஹவாயில், ஃபோர்ட் ஷாஃப்டர் ராணுவ முகாமில் இருந்தவர் ரிக் லூமிஸ். 'நியூக்ளியர் டிஸ்ட்ரக்‌ஷன்' என்ற போர் விளையாட்டைத் தபால் மூலம் நடத்தத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் பெருகவே, அருகில் இருந்த கன்ட்ரோல் டேட்டா 3300 கம்ப்யூட்டரில் நேரத்தை வாடகைக்கு எடுத்தார். 1972-ல் ராணுவத்தை விட்டு வந்து நிறுவனத்தைப் பதிவு செய்தார். பின்னர் ரேதியான் 704 என்ற மினி கம்ப்யூட்டரைச் சொந்தமாகவே வாங்கினார்.

ஆட்டம் இப்படித்தான் நடக்கும். உங்கள் கட்டளைகளைத் தாளில் எழுதி, அந்தச் சுற்றுக்கான கட்டணத்தோடு தபாலில் அனுப்ப வேண்டும். எல்லோருடைய கட்டளைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரே நேரத்தில் கணக்கிடுவார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது மட்டும் அச்சாகி உங்கள் வீட்டுக்கு வரும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். செஸ் போர்டில் இருவருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். எதிரியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆட வேண்டுமானால், எல்லாம் அறிந்த, யாரிடமும் சொல்லாத, யார் பக்கமும் சாயாத நடுவர் ஒருவர் தேவை. மனிதர் என்றால் களைத்துப் போவார், கூட்டலில் தவறுவார். விளையாட்டில் கம்ப்யூட்டருக்குப் பொருத்தமான வேலை இதுதான் என்பது என் கருத்து. படம் காட்டுவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

1976-ல் வந்த 'ஸ்டார்வெப்' கேமில் 15 பேர் விண்வெளியில் மோதுவார்கள். வணிகர், கொள்ளையர், மதம் பரப்புபவர் என ஆளுக்கொரு வேடம். வேடத்துக்கு ஏற்ப மதிப்பெண் சேரும் வழியும் மாறும். அதனால், அடுத்தவர் உங்களுக்கு எதிரிதானா என்பதே முதலில் தெரியாது. அடுத்த தாள் வரும்வரை கடிதம் எழுதிக் கூட்டணி பேசலாம். கூட்டாளியைக் கவிழ்க்கவும் திட்டம் போடலாம். ஃப்ரெட் சேபர்ஹேகன் இந்த விளையாட்டை வைத்து 1981-ல் 'ஆக்டகன்' என்று ஒரு நாவலே எழுதினார்.

குறைகள் இல்லாமல் இல்லை. சுற்றுக்குச் சுற்று பணம் கட்ட வேண்டும். காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். இமெயில் வந்து காத்திருப்பைக் குறைத்தது. ஆனால் இன்டர்நெட்டில் இலவச கேம்கள் குவிந்த பிறகு இந்தத் தொழில் சுருங்கிப் போனது. லூமிஸ் 2019-ல் காலமானார். 2021-ல் நிறுவனம் வேறொருவர் கைக்கு மாறியது.

கிராபிக்ஸ் கார்டு வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். பையனின் நண்பர்கள் நான்கு பேர் வாரம் ஒருமுறை தங்கள் நகர்வுகளை இமெயிலில் அனுப்பட்டும். பையனே நடுவராக இருந்து, எக்ஸெல்லில் கணக்கிட்டு, அவரவர் விடையை அவரவருக்கு மட்டும் அனுப்பட்டும். உங்களிடம் இப்போது இருக்கும் கம்ப்யூட்டரே இதற்குத் தாராளம். மறக்காமல் அந்த எக்ஸெல் ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள்.