ஃபேன் புஷ்ஷுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

போன வாரம் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் திடீரென்று 'கிரீச்' எனக் கத்த ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "புஷ் தேஞ்சு போச்சு தம்பி" என்று செம்பு நிறத்தில் ஒரு குட்டி வளையத்தைக் கையில் கொடுத்தார். அதை உருக்கி வார்ப்பதில்லை, பவுடரில் செய்கிறார்கள் என்று தெரியுமா?

சுமார் 90 சதவிகிதம் செம்புத் தூள், 10 சதவிகிதம் வெள்ளீயத் தூள். இரண்டையும் கலந்து அச்சில் அழுத்தி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் சுடுகிறார்கள். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதனால் வளையம் முழுதாக உருகாது. துகள்கள் தொடும் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இதன் பெயர் சின்டரிங்.

சாதாரணக் காற்றில் சுட்டால் இது நடக்காது. செம்புக் குடம் கறுப்பதுபோல, ஒவ்வொரு துகள் மேலும் ஆக்சைடு படலம் இருக்கும். சூட்டில் அது இன்னும் தடிக்கும். உலோகமும் உலோகமும் தொட முடியாமல் போய், புஷ் உதிர்ந்துவிடும்.

அதனால் உலைக்குள் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயுவை ஓடவிடுகிறார்கள். அம்மோனியாவைப் பிரித்தாலே 75 சதவிகிதம் ஹைட்ரஜன், 25 சதவிகிதம் நைட்ரஜன் கிடைத்துவிடும். ஹைட்ரஜன் படலத்தில் உள்ள ஆக்சிஜனைப் பறித்து நீராவியாக மாறும். அந்த ஆவி உள்ளேயே தங்கினால் சுத்தம் செய்யும் வேலை மந்தமாகிவிடும். இரும்புத் தூள் பாகங்களில் ஈரம் கார்பனையும் அரித்து, மேற்பரப்பை மிருதுவாக்கிவிடும். அதனால்தான் வாயுவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆபத்தும் உண்டு. ஹைட்ரஜன் காற்றோடு கலந்து தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே முதலில் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். வெளியே வரும் வாயுவை உலையின் வாயிலேயே எரித்துவிடுவார்கள்.

சுட்டு முடித்த புஷ்ஷில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்துளைகள் இருக்கும். அவற்றில்தான் எண்ணெயை ஏற்றுகிறார்கள். ஃபேன் சுற்றும்போது எண்ணெய் கசிந்து வரும். நின்றதும் பெரும்பகுதி உள்ளே போய்விடும்.

கடைசியாக அண்ணன் சொன்ன டிப்ஸ்: ஃபேன் கத்தினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் துளைகளை அடைத்துவிடும்!