ஏழு வயதில் பட்ட அடி

சிலிம் ரிவர் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து காலையில் தமிழ்ப்பள்ளிக்கு வரும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் தலையில் தலைக்கவசம் இருக்கும். பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பல வேளைகளில் இருக்காது. பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. “பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே!” என்பார்கள்.

அப்படி வரும்போது விழுந்த ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். வயது ஏழு. தையல் பிரித்ததும் முன்போலவே ஓடி விளையாடினான். “சின்ன வயது, சீக்கிரம் ஆறிவிடும்” என்று உறவினர்கள் நிம்மதி அடைந்தார்கள். படிவம் ஒன்றில்தான் சிக்கல் தொடங்கியது. ஆசிரியர் மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையை மட்டுமே செய்கிறான். மதியத்திற்குள் களைத்துவிடுகிறான். சின்னக் கேலிக்கும் கடுங்கோபம் கொள்கிறான். ‘சோம்பேறி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய விபத்து யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

இத்தனை ஆண்டுகள் கழித்தா பாதிப்பு தெரியும்? ஆம். திட்டமிடவும் கவனத்தைத் தக்கவைக்கவும் சினத்தை அடக்கவும் துணைபுரியும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் அத்திறன்களை யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. இடைநிலைப்பள்ளி எதிர்பார்க்கிறது, அங்கேதான் குறை வெளிப்படுகிறது.

1973 முதல் 1985 வரை பிறந்த ஏறத்தாழ 11 இலட்சம் பேரைப் பற்றிய சுவீடன் நாட்டு ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. 25 வயதுக்குள் மூளையில் காயம் அடைந்தவர்களை, காயம் அடையாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடும் அது ஒப்பிட்டது. ஒரே வீட்டில் வளர்ந்திருந்தும் காயம் அடைந்தவர்களே கல்வியில் அதிகம் பின்தங்கியிருந்தார்கள். அடிபட்ட எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலேசான அடி பெரும்பாலும் ஆறிவிடும்.

ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளையோடு இந்தச் செய்தியும் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. பெற்றோர் சிலர் மறைத்துவிடுகிறார்கள். ‘மூளையில் அடி’ என்றால் ஊர் வேறு பெயர் வைத்துவிடுமே என்ற அச்சம். அது நியாயமான அச்சம்தான். ஆனால், மறைத்த பிள்ளைக்கும் ‘சோம்பேறி’ என்ற பெயர் வந்துவிடுகிறதே! இரண்டில் இதுவே கொடியது. உதவி தேவைப்படும் பிள்ளையை இது தண்டனைக்கு உரியவனாக்கிவிடுகிறது.

அவனுக்குத் தேவையான உதவிக்குப் பெரிய செலவும் இல்லை. வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். வெண்பலகையில் எழுதியும் வைக்கலாம். நடுவே சற்று ஓய்வும் சோதனையில் கூடுதல் நேரமும் தரலாம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பன், “அடுத்தது இரண்டாம் கேள்விடா” என்று மெல்ல நினைவூட்டினால் அதுவும் உதவிதான்.