முழங்கால் ஆடம்பரப் பொருள் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டுப் போகாதீர்கள். கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் மகள் வீட்டுக்குப் போய் வந்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதும், என் கொழுந்தனார் ஒரு வரி எழுதினார். "அண்ணி, பிரீமியம் எகானமியா? பென்ஷன் டீச்சருக்கு ஜமீன்தார் சீட்டு!" கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. ஆனால் அதே எண்ணம்தான் விமானக் கம்பெனிகளுக்கும் இருக்கிறது, சர்க்காருக்கும் இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலருக்கும் இருக்கிறது. கால் நீட்ட இடம் கேட்டால் அது ஆடம்பரம் என்ற எண்ணம். அதற்குத்தான் இந்தப் பதில்.

விமானம் ஏறாதவர்களுக்காக முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை உள்ள தூரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். நெடுந்தூர விமானத்தில் சாதாரண எகானமியில் அது 31 அல்லது 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 அங்குலம் அளவுக்கு இருக்கும். சீட்டின் அகலமும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் கூடும். சென்னையிலிருந்து லண்டன் போகிற போயிங் 787-இல் எகானமியில் ஒரு வரிசைக்கு 9 பேர், பிரீமியத்தில் 7 பேர். படுக்கை கிடையாது. படுக்கை பிசினஸ் வகுப்பில்தான். சாப்பாட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்துத் தருகிறார்கள், பன்னீர் என்னவோ அதே ரப்பர் பன்னீர்தான். ஆக, கூடுதலாகக் கிடைப்பது ஆறேழு அங்குலம். கொழுந்தனாரே, உங்கள் ஜமீன் அவ்வளவுதான்.

சரி, இந்த வகுப்பு எப்போது வந்தது? 1990-களின் தொடக்கத்தில். தைவானின் ஈவா ஏர், இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக் இரண்டும்தான் முன்னோடிகள். நம் நாட்டில் 2015-இல் விஸ்தாரா கொண்டுவந்தது. இப்போது அது ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்க விமானங்களில் 1970-களில் சாதாரண வகுப்பிலேயே 34, 35 அங்குலம் இருந்தது. அது மெல்ல மெல்ல 31-க்கு வந்தது, சில கம்பெனிகளில் அதற்கும் கீழே போனது. அகலத்தின் கதையும் இதேதான். போயிங் 777 விமானம் 1995-இல் ஓட ஆரம்பித்தபோது பெரும்பாலான கம்பெனிகள் ஒரு வரிசைக்கு 9 பேரை உட்கார வைத்தன. இன்று பெரும்பாலும் 10 பேர். விமானத்தின் உடம்பு அதேதான், ஒரு அங்குலம்கூட வளரவில்லை. பத்தாவது ஆள் எங்கிருந்து வந்தார்? மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்து வந்தார்.

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். மாகறலில் பிறந்து காஞ்சிபுரத்தைச் சுற்றியே வேலை பார்த்தவள். அதனால் எனக்கு இது சேலைக் கணக்காகத்தான் புரிகிறது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் பாவில் முழம் குறைத்தால் என்ன ஆகும்? முதலாளி அளவுகோலை எடுத்து அளந்து பார்ப்பார், கூலியில் பிடிப்பார், அடுத்த பாவு தரமாட்டார். இப்படி நினைத்துப் பாருங்கள். ஊரில் உள்ள கடைக்காரர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு அங்குலமாகச் சேலையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கொசுவம் வைக்கத் துணி போதாத நிலை வந்ததும், "அம்மா, ஆறு கஜம் முழுசாக வேண்டுமா? அது பிரீமியம் சேலை, விலை ஒன்றரைப் பங்கு" என்கிறார்கள். காந்தி ரோடு சும்மா இருக்குமா? சேலையில் செய்தால் மோசடி, சீட்டில் செய்தால் மட்டும் "பயண அனுபவம்".

நியாயமாகவே பேசுவோம். எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மையும் இருக்கிறது. பிரீமியம் சீட்டு அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது. 38-ஐ 31-ஆல் வகுத்து, 9-ஐ 7-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்குங்கள். ஒன்றரைக்குச் சற்று மேலே வரும். ஒன்றரைப் பங்கு தரைக்கு ஒன்றரைப் பங்கு விலை கேட்டால் அதைக் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு வாதமும் உண்டு: "டீச்சர், நெருக்கி உட்கார வைத்ததால்தானே டிக்கெட் மலிவானது? மலிவானதால்தானே நம் ஊர்க்காரர்களும் பறக்கிறோம்?" இதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் விமானம் பெரும் பணக்காரர்களின் சமாச்சாரம். இன்று நெசவாளி மகளும் அதில் போகிறாள். அது நல்லதுதான்.

ஆனால் மலிவாக விற்பது வேறு, அளவைச் சொல்லாமல் விற்பது வேறு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எத்தனை கிராம் என்று அச்சடித்தாக வேண்டும். நம் நாட்டில் அதற்கு 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் இருக்கிறது. அறுபதாயிரம் ரூபாய்க்கு டிக்கெட் வாங்குகிறோம். அதில் பெட்டி எத்தனை கிலோ என்று இருக்கிறது. என் முழங்காலுக்கு எத்தனை அங்குலம் என்று எங்கே இருக்கிறது? இணையத்தில் தேடினால் கிடைக்கும் என்பீர்கள். தேடத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறி உட்காருகிற கிழவிக்கு?

அமெரிக்காவில் இதற்காகச் சட்டமே போட்டார்கள். விமான சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்க வேண்டும் என்று 2018-இல் அவர்கள் காங்கிரஸ் சொன்னது. 2022-இல் அங்குள்ள விமானத் துறை மக்களிடம் கருத்துக் கேட்டது. 26,000-க்கு மேல் கருத்துகள் குவிந்தன. 2023-இல் பயணிகள் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனபோது, அளவு வைக்கும்படி கட்டாயப்படுத்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. துறை பிடித்துக்கொண்டு நின்றது ஒரே கணக்கைத்தான்: பாதிக் கதவுகள் மூடியிருந்தாலும் 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடிகிறதா? முடிந்தால் சரி. அதாவது நெருப்புப் பிடித்தால் தப்பிக்க இடம் இருந்தால் போதும். நெருப்புப் பிடிக்காத மீதிப் பதினோரு மணி நேரம் எப்படி உட்காருவது என்பது அவர்கள் கேள்வித்தாளில் இல்லை.

இப்போது நம் சர்க்காருக்கு வருகிறேன். எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்ததை, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். அந்த மற்ற வகுப்பில் பிசினஸும் முதல் வகுப்பும் மட்டும் இல்லை, பிரீமியம் எகானமியும் சேர்ந்துதான் நிற்கிறது. கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு போகிறவருக்கும், ஆறு அங்குலம் கூடுதலாகக் காலை நீட்டுகிற பாட்டிக்கும் ஒரே வரி!

பிள்ளைகளா, கணக்கு நோட்டை எடுங்கள். புரிவதற்காக உருண்டைத் தொகையாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கிளம்பும் எகானமி டிக்கெட் 60,000, பிரீமியம் 1,00,000. எகானமிக்கு வரி 3,000. பிரீமியத்துக்கு வரி 18,000. டிக்கெட் விலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வரி மட்டும் ஆறு மடங்கு. மொத்த வித்தியாசம் 55,000. ஏழு அங்குலத்தால் வகுத்தால் அங்குலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 7,850 ரூபாய். முப்பதாயிரம் ரூபாய் காஞ்சிப் பட்டை 216 அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள், அங்குலம் 139 ரூபாய். பட்டைவிட விலை உயர்ந்தது காற்று!

இதே சர்க்கார்தான் ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது. அது இன்னும் திரும்பி வரவில்லை. கீழ்ப் படுக்கையாவது கொடுக்கப் பார்க்கிறார்கள். வயதான உடம்புக்கு இடம் வேண்டும் என்று ரயிலுக்குத் தெரிந்திருக்கிறது. வரி போடுகிற மேசைக்குத் தெரியவில்லை.

அடுத்தது உடம்பு. பயமுறுத்த வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் ஆய்வு முடிவு வெளியிட்டது. இரண்டு மடங்கானாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காரணம் சீட்டின் பெயர் அல்ல, அசையாமல் இருப்பது. அதனால் பிரீமியம் சீட்டு ஒன்றும் மருந்து கிடையாது. அதில் உட்கார்ந்தும் எழுந்து நடக்காவிட்டால் கால் வீங்கத்தான் செய்யும். ஆனால் எழுந்து நடக்க முதலில் எழுந்திருக்க முடிய வேண்டும் அல்லவா?

2023-இல் எகானமியில் போனோம். எங்கள் வீட்டுக்காரர் ஆள் உயரம், இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். முன் சீட்டுக்காரர் சாய்ந்ததும் அவர் முட்டி அங்கே போய் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். இறங்கும்போது செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. இந்த முறை பிரீமியத்தில் யாரையும் எழுப்பாமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்தார், நடந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கள் ஊர் மாகறலீசுவரரிடம் எலும்பு நோய் தீர வேண்டிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சுவாமி தீர்த்து அனுப்புகிற முட்டியை 31 அங்குலத்துக்குள் மடித்து வைத்தால் சுவாமி என்ன செய்வார்?

இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன், வெளிநாட்டில் இருக்கிற என் பிள்ளைகளே. கோபித்துக்கொள்ளக் கூடாது.

அம்மாவை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? பெரும்பாலும் பிரசவம் பார்க்க, குழந்தையை வளர்த்துக் கொடுக்க. ஆறு மாதம் சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறாள். அந்த ஊரில் ஆள் வைத்தால் மாதத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவளுக்குச் சம்பளம் கேட்கவில்லை. அவளும் கேட்கமாட்டாள். ஆனால் டிக்கெட் போடும்போது மட்டும் எது மிக மலிவோ அதைத் தேடுகிறீர்கள். இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் காத்திருந்து, மொத்தம் முப்பது மணி நேரம். ஆபீஸ் வேலையாக நீங்கள் பறக்கும்போது கம்பெனி பிசினஸ் வகுப்பு போட்டால் அந்தப் படத்தையும் இங்கேதான் போடுகிறீர்கள். நான் லைக் போட்டிருக்கிறேன்.

"அம்மாவே எது சீப்போ அதைப் போடச் சொன்னாங்க டீச்சர்" என்பீர்கள். சொல்வாள். கடைசித் தோசையை உனக்கு வைத்துவிட்டு "எனக்குப் பசிக்கல" என்று சொன்னவள் அவள்தானே? அன்றைக்கு நம்பினாய், நீ குழந்தை. இன்றைக்கும் நம்பலாமா?

கடனில் இருக்கிற பிள்ளைகளை நான் சொல்லவில்லை. உங்களால் எகானமிதான் முடியும் என்றால் அதில் அவமானம் எதுவும் இல்லை. ஓரச் சீட்டு, ஒரே மாற்றம், இடையில் நடக்க நேரம், இவற்றுக்குக் கொஞ்சம் செலவு செய்யுங்கள். முடிகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

வீட்டுப்பாடம் மூன்று.

ஒன்று. டிக்கெட்டில் சீட்டின் இடைவெளியையும் அகலத்தையும் அங்குலத்தில் அச்சடிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. உங்கள் எம்.பி.க்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இரண்டு. 60 வயதானவர்களின் பிரீமியம் எகானமி டிக்கெட்டுக்கும் 5 சதவீத வரிதான் என்று கேளுங்கள். படுக்கை வேண்டாம், 18-ஐ 5 ஆக்கினால் போதும்.

மூன்று. அடுத்த டிக்கெட் போடும் முன் அம்மாவிடம் "எது வேணும்?" என்று கேட்காதீர்கள். "முட்டி வலி எப்படி இருக்கு, கால் வீங்குதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" என்று கேளுங்கள். பதிலை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

பரந்தூர் விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று கீழே சண்டையை ஆரம்பிக்க வேண்டாம். அது தனிப் பதிவு, எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள். கொழுந்தனாரே, அடுத்த வருஷம் நீங்களும் தங்கச்சியும் மகனைப் பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எந்த வகுப்பு என்று இங்கேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்,
மாகறல்