மாடி எழுப்புமுன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நமது திருத்தணியில் கடை வைத்திருப்போர் பலர் இப்போது கடைக்கு மேலே ஒரு மாடி எழுப்புகிறார்கள். மகனுக்குத் திருமணம் ஆனால் தனிக்குடித்தனத்துக்கு ஒரு வீடு வேண்டும். இல்லையென்றால் வாடகைக்கு விட்டு மாதம் ஒரு தொகை பார்க்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு வரும் பக்தர்களுக்கு அறை விடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. இதில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. மலையடிவாரத்தில் மனை விலை ஏறிய பிறகு, இருக்கிற இடத்தில் மேலே போவதுதான் வழி. ஆனால் கம்பி, சிமெண்டு, கொத்தனார் கூலி என்று எல்லாவற்றையும் கணக்கிடும் நாம், கீழே கடையில் என்ன சரக்கு அடுக்கியிருக்கிறோம் என்பதை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அனுமதி. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டினால், இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது குடியிருப்புக்கு மட்டுமே. கீழே மளிகைக்கடை, மேலே வீடு என்றால் அந்தக் குறுக்குவழியில் போகக்கூடாது. நகராட்சியில் முறையாக வரைபடம் வைத்து, கடை கடையாகவும் வீடு வீடாகவும் காட்டியே அனுமதி பெற வேண்டும். பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடுவதும் குடியிருப்பு ஆகாது. இன்னொன்று. நம் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருந்தால், மொழிபெயர்ப்பையும் பட்டாவையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்.

அனுமதி கையில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு விற்கும் மளிகைக்கடைகள் நம்மிடையே உண்டு. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பட்டாசுக் கடை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேலே குடியிருப்பு இருக்கக்கூடாது, மாடிப்படிக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கக்கூடாது, தனி வாசலும் அவசர வழியும், வெளிப்பக்கம் திறக்கும் கதவும் வேண்டும். ஆகவே மாடியில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்த அன்றே, கீழே பட்டாசு விற்கும் தகுதி அந்தக் கடைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு ஓர் அலுவலகம், பட்டாசுக்கு வேறோர் அலுவலகம் என்று இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

விதி எதற்கு என்று கேட்பவர்கள் அண்மைக் காலத்தைப் பார்க்கட்டும். 2021 அக்டோபர் 26 அன்று சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையில் பிடித்த தீ பக்கத்துக் கடைக்குத் தாவி, அங்கிருந்த கேஸ் சிலிண்டர்களும் வெடித்தன. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள்; ஒட்டியிருந்த கட்டடங்களும் இடிந்து விழுந்தன. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் வேலைக்குப் போன நம் தமிழ்நாட்டு இளைஞர்கள். சுவரை ஒட்டியிருந்தாலே இந்தக் கதி என்றால், தலைக்கு மேலே தூங்குகிறவர்களின் நிலை என்ன?

பட்டாசு பத்து நாள் சரக்கு. ஆண்டு முழுவதும் இருப்பவை வேறு. 5 கிலோ சிறு சிலிண்டர் விற்பவர்கள், தனி உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் எரிவாயு வைக்க முடியாது. அதாவது நிறைந்த சிலிண்டர் இருபதுதான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படிந்து நிற்கும். வீட்டுக்குப் போகும் படி கடைக்குள்ளிருந்து ஏறினால், இரவு ஷட்டரைப் பூட்டிய பிறகு மாடியில் இருப்பவர்களுக்கு வெளியேற வழி ஏது? படி தெருவைப் பார்த்துத் தனியாக இறங்க வேண்டும். செலவு கூடினாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அரிசி, பருப்பு கிடங்கு வைத்திருக்கும் நம் போன்ற மொத்த வணிகர்களுக்கும் ஒரு சொல். வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டதும் நச்சு வாயுவை விடுகிறது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. இதை யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. மேலேயோ பின்கட்டிலோ ஆள் குடியிருக்கும் கிடங்கில் இந்த மாத்திரையே வேண்டாம். சரக்கைக் குறைத்து வாங்கி, வெயிலில் காயவைத்து, சீக்கிரம் தள்ளுவதே மேல்.

பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துத் தளம் போடுபவர்களும் கவனிக்கவும். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் அதற்குத் தடை. சீட்டைச் சம்மட்டியால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். துண்டுகளைத் தரை நிரப்பப் போடாதீர்கள். திறந்து வைத்த அரிசி, மாவு மூட்டைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

இத்தனை கட்டுப்பாடு போட்டால் சிறு வணிகர் பிழைப்பது எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வழியும் அதே விதிகளில் இருக்கிறது. திறந்தவெளியில், எரியாத பொருளால் ஆன கொட்டகைகளை ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியில், எதிரெதிராக இல்லாமல் அமைத்து, தீபாவளிக்குப் பட்டாசு விற்கலாம்; ஒரே இடத்தில் 50 கடை வரை போடலாம். அப்படி ஒரு மைதானத்தை ஆண்டுதோறும் ஒதுக்கித் தருமாறு நமது சங்கம் நகராட்சியையும் மாவட்ட நிர்வாகத்தையும் இப்போதே கேட்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடினால் வேலை நடக்காது. வருபவர் எல்லாரும் ஒரே இடத்தில் வாங்குவதால் வியாபாரமும் குறையாது.

மாடி எழுப்புங்கள், வாடகையும் வாங்குங்கள். ஆனால் வீட்டுக்கு வாசற்கால் வைக்குமுன், கீழே இருக்கும் ஆபத்தான சரக்கை வெளியேற்றுங்கள். இரண்டு வருமானமும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது, மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உறங்குவதாகும். வருகிற பொதுக்குழுவில் மைதானக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் அனைவரும் ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.