சிமெண்டைக் கூட்டுமுன் மணலைப் பாருங்கள்

நிலக்கடலையோ மரவள்ளியோ விற்றுக் கையில் நாலு காசு சேர்ந்ததும், சேலம், நாமக்கல் பகுதிச் சிறு விவசாயி மாட்டுக் கொட்டகைக்குச் சுவர் வைக்கவோ, களம் போடவோ முனைகிறார். "சிமெண்டைத் தாராளமாகப் போடப்பா" என்று கொத்தனாரிடம் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு கோடை கழிந்தால் பூச்சில் வெடிப்பு ஓடுகிறது. சிமெண்ட் கூடினால் கலவை இறுகும் என்பது மெய்தான். ஆனால் காயும்போது சுருங்குவதும் கூடும். கடன் பட்டு வாங்கிய மூட்டை வெடிப்பிலேயே வீணாகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது மணல். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும், முக்கால் அளவுக்கு உப்பு கலந்த நீரும் விட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மேலே படியும் வண்டல், மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருந்தால் கழுவாமல் பயன்படுத்தலாகாது. ஈர மணல் உப்பி நிற்கும். கால் பங்கு வரைகூட அளவு மாறலாம். ஆகவே உலர்ந்த மணலை அளப்பதே முறை. காவிரி மணல் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் எம்-சாண்ட் நல்ல மாற்றே. ஆனால் கிரஷரில் கழிவாக விழும் தூளை எம்-சாண்ட் என்று ஏமாந்து வாங்கக் கூடாது.

அடுத்தது சுண்ணாம்பு. சங்ககிரி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் இருந்தும், நம் சுவர்களில் அது மறந்துபோனது வருந்தத்தக்கது. கொட்டகைச் சுவர்க் கட்டுக்கும் பூச்சுக்கும் சிமெண்ட் 1, நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற பங்கு போதும். ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி. அதற்குச் சுண்ணாம்பு ஒன்றேகால், மணல் ஏழரை கன அடி. ஒன்றுக்கு மூன்று கலவையில் இதே மணலுக்கு இரண்டு மூட்டை ஆகும். சுண்ணாம்பு சேர்ந்த கலவை குழைவாக ஒட்டும், நீரைப் பிடித்து வைக்கும், வெடிப்பும் குறையும்.

சேலத்தை ஒட்டிய வெள்ளைக் கரடுகளின் கல் மாக்னசைட், சுண்ணாம்புக்கல் அன்று. கடுஞ்சூட்டில் சுட்ட மாக்னசைட் மெல்லத்தான் நீறும்; சுவரில் ஏறிய பிறகு பொங்கிப் பூச்சைப் பெயர்க்கும். எனவே கல் எங்கிருந்து வந்தது என்று காளவாய்க்காரரிடம் கேட்டு வாங்குவது நலம். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, ஒரு வாரமாவது நீர் தேங்கிய குழியில் ஊறவிட வேண்டும். நீற்றும்போது பொங்கித் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகளை அருகில் விடலாகாது.

எல்லா இடத்திற்கும் சுண்ணாம்பு ஆகாது. நீருக்குள் நிற்கும் கிணற்றுக் கட்டில் வெறும் சுண்ணாம்புக் காரை இறுகாது. அங்கே சிமெண்ட் கலவையே தேவை. மாடும் வண்டியும் ஏறும் களத்தின் மேல்தளத்திற்கும் அப்படியே. ஒன்றுக்கு நான்கு போதும். களத்தை ஒரே பரப்பாக இழுக்காமல் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டு, ஏழு நாளாவது ஈரம் காயாமல் காப்பது, கூடுதல் மூட்டையைவிட மேலான காப்பு.

களம் வெடித்தால் மண் தானியத்தில் கலக்கும். வியாபாரி விலையைக் குறைப்பான். ஆகவே மூட்டைக்குப் பணம் எடுத்து வைக்குமுன், விவசாயி மணலை ஒரு பாட்டிலில் இட்டுக் குலுக்கிப் பார்ப்பதே அறிவுடைமை.