மேகத்தில் வைத்த பெட்டகம்

மன்னார்க் கரையிலே, அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், கரை சேர்ந்த சிப்பிகளைத் திறந்து பாராமலே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலத்தில் விற்றனர். உள்ளே முத்து உண்டா, வெறுஞ் சதைதானா என்பது விலை கொடுத்து முடிந்த பின்னரே வாங்கியவனுக்குத் தெரியவரும். ஆதலின் ஏலம் கேட்க வந்தவன், முன்னாள் வாங்கியவனைத் தேடிப் பிடித்து, "உமக்கு என்ன கிடைத்தது?" என்று விசாரித்திருப்பான் என்பதில் ஐயமில்லை.

இந்தப் பழங்கதை சென்ற வாரம் எமக்கு நினைவு வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. உயர்தர வகுப்பு மாணாக்கர் ஒருவர், தம் ஊர்ச் சனசமூக நிலையத்துக்காக இணையத்தளம் ஒன்று அமைக்க விரும்பி எம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். எந்தக் கம்பனியிடம் இடத்தை வாடகைக்கு எடுப்பது என்பதே அவர் கேள்வி. ஒரு கம்பனியைப் பற்றி அதன் வாடிக்கையாளர்கள் எழுதிய அனுபவங்களை முப்பது நாற்பது வரை தொகுத்துக் கொண்டு வந்திருந்தார். "வேகம் மிக நன்று", "விலை மலிவு", "நள்ளிரவில் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் மறுமொழி" என்று ஒவ்வொருவரும் புகழ்ந்து, ஐந்து நட்சத்திரமும் இட்டிருந்தனர்.

"எல்லாரும் நல்லதாகத்தானே சொல்லுகினம், சேர்?" என்றார் அவர்.

"ஆம் தம்பி, எல்லாரும் காற்று நல்லாயிருந்த நாளில் எழுதியிருக்கிறார்கள். புயலடித்த மறுநாள் எழுதியவர் ஒருவராவது உண்டா, பாரும்" என்றோம். அவர் மீண்டும் புரட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள, கிளவுட் என்றும் மேகக்கணிமை என்றும் வழங்கும் இந்த ஏற்பாடு யாதென முதலிற் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். பெயரில் மேகம் இருந்தாலும் வானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கோ ஒரு நகரத்தில், பெரிய கட்டடத்தினுள், அடுக்கடுக்காக இராப்பகல் ஓடிக்கொண்டிருக்கும் கணனிகளே அந்த மேகம். அவை சூடேறாமற் குளிரூட்டவும், மின்சாரம் தடைப்பட்டால் ஈடுசெய்யவும் அங்கே ஏற்பாடுகள் உண்டு. அமேசன் கம்பனி 2006ஆம் ஆண்டில் இவ்விதம் கணனி இடத்தை வாடகைக்கு விடத் தொடங்கியது. பின்னர் கூகுளும் மைக்குரோசொப்ட்டும் சிறிய கம்பனிகள் பலவும் இத்தொழிலில் இறங்கின. அதே 2006ஆம் ஆண்டில் கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலடிக் கம்பிவடம் ஒன்று இடப்பட்டது. கையிலுள்ள தொலைபேசியில் நாம் எழுதும் ஓர் எழுத்து, இத்தகைய வடங்களின் வழியே கடல் கடந்து சென்று யாரோ ஒருவருடைய கட்டடத்திற் குடியேறுகிறது.

இதனால் வரும் நன்மை சிறிதன்று. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் எமது தீவில், ஒரு பாடசாலை பெருங்கணனியொன்றை வாங்கி வைத்துக் காப்பது எளிதோ? மாதம் சில டாலர் கொடுத்தால் அப்பொறுப்பை வேறொருவர் ஏற்கின்றார். ஆதலின் நாமும் அந்த வழியே சென்றோம். நாம் பட்டதை ஒளிக்காமற் கூறுகின்றோம்.

2018ஆம் ஆண்டில் எமது மாணாக்கர் சிலர், ஊர் முதியோரின் குரல்களைப் பதிவு செய்யப் புறப்பட்டனர். பதினேழு பேரைக் கண்டு பேசினர். அவர்களுள் ஒருவர் தலைமன்னார் இறங்குதுறையிற் பயணிகளின் பொதி சுமந்தவர். 1914இல் தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பற் போக்குவரத்தின் கடைசி ஆண்டுகளில் வேலை பார்த்தவர். 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு அடித்த புயலையும், எதிர்க்கரையிலே தனுஷ்கோடி அழிந்த செய்தி இக்கரைக்கு வந்ததையும் அவர் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தார். பதிவுகள் யாவற்றையும் ஒரு கம்பனியின் வழங்கியில் ஏற்றி இணையத்தளம் அமைத்தோம். பாடசாலைக் கணனியில் இடம் போதாமையால், "மேகத்தில்தான் இருக்கிறதே" என்று எண்ணி மூலப் பதிவுகளை நாமே அழித்துவிட்டோம். அந்தக் கம்பனியார் எமது கேள்விகளுக்கு உடனுக்குடன் மறுமொழி தந்தமையால் உள்ளம் மகிழ்ந்து, 2019இல் ஒரு புகழுரையும் எழுதினோம். ஐந்து நட்சத்திரமும் இட்டோம்.

2022ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டினை இலங்கையர் எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் சில மாதங்களுள் 360 ரூபாயை எட்டியது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எமது இணையத்தள வாடகை, பழைய மாணவர் ஒருவரின் வங்கி அட்டை மூலம் செலுத்தப்பட்டு வந்தது. அந்த அட்டையின் காலம் முடிந்தது. அவரும் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றார். கம்பனியார் அனுப்பிய நினைவூட்டற் கடிதங்கள் அவர் திறவாத பழைய மின்னஞ்சற் பெட்டியிற் போய்ச் சேர்ந்தன. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற எமக்கு இணையத்தளத்தை எட்டிப் பார்க்கும் நினைவு எழவில்லை.

மறு ஆண்டில் ஒருநாள், பொதி சுமந்த அந்த முதியவரின் மகள் பாடசாலைக்கு வந்தார். தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைவதாகவும், வீட்டார் கூடியிருந்து அவர் குரலைக் கேட்க ஆசைப்படுவதாகவும் கூறினார். "அப்பாவின்ர பேச்சு உங்களிட்டத் தானே மாஸ்டர் பத்திரமாயிருக்குது" என்றார்.

கணனியைத் திறந்தோம். தளம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கம்பனியாருக்கு எழுதினோம். வழக்கம் போல ஐந்து நிமிடத்திலே மறுமொழி வந்தது: வாடகை செலுத்தப்படாமையாலும் தவணைக் காலம் கடந்தமையாலும், நிபந்தனைகளின்படி யாவும் அழிக்கப்பட்டுவிட்டன, மீட்க வழியில்லை, எமது தொடர்புக்கு நன்றி. அவர்கள் நிபந்தனை தவறவில்லை. அந்த நிபந்தனைகளை நாம்தான் ஒருநாளும் வாசிக்கவில்லை. எமது 2019ஆம் ஆண்டுப் புகழுரை மட்டும் அவர்களுடைய தளத்தில் அன்றும் விளங்கிக்கொண்டிருந்தது!

நிற்க. இத்தகைய இழப்பு எம்மைப் போன்ற எளியோர்க்கே நேர்வதென்று எண்ணுதல் வேண்டா. 2021 மார்ச் 10ஆந் திகதி, பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் ஐந்து மாடிக் கணனிக் கட்டடமொன்று எரிந்து சாம்பராயிற்று. பிரதியும் எடுத்து வையுங்கள் என்று தனியே பணம் செலுத்திய வாடிக்கையாளர் ஒருவர், மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்து ஒன்றாக எரிந்தமையைக் கண்டு வழக்குத் தொடுத்தார்; 2023இல் லில் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்புக் கிடைத்தது, எரிந்தது திரும்பவில்லை.

எமது நாட்டிலும் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்ட் மாதம், கப்பம் கோரும் கணனிக் கொள்ளையர் இலங்கை அரசாங்க மேகக்கணிமையைத் தாக்கினர். ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதிகள் அதே அமைப்பினுள்ளேயே இருந்தமையால் அவையும் பூட்டப்பட்டுப் போயின. தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்டெம்பர் 26ஆந் திகதி மூண்ட தீயில், அரசாங்க உத்தியோகத்தர்கள் சேமித்து வைத்த 858 டெராபைட்டு ஆவணங்கள் அழிந்தன. அளவு மிகப் பெரிதென்று காரணங் கூறி, அதற்கு வேறிடத்திற் பிரதியே வைக்கவில்லையாம்.

இவற்றுக்கு மாறான ஓர் அனுபவமும் உண்டு. 2024 மே மாதம், அவுஸ்திரேலியாவின் யுனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு, கூகுள் நிறுவனத்தின் தவறொன்றினால் அடியோடு அழிந்தது. இரண்டு இடங்களில் வைத்த பிரதிகளும் கணக்கோடு சேர்ந்து மறைந்தன. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களின் சேமிப்பு விவரங்கள் அதில் இருந்தன. எனினும் அந்த நிதியத்தார் மூன்றாம் பிரதியொன்றை வேறொரு கம்பனியிடமும் வைத்திருந்தனர். அது கைகொடுத்தது, படிப்படியாக யாவும் மீண்டன. உலகிலேயே பெரிய கம்பனிகளுள் ஒன்றிடம் ஒப்படைத்த பின்னரும், "இவர்களிடமும் தவறு நேரலாம்" என்று ஒருவர் முன்கூட்டி நினைத்தார் அல்லவா? அந்த நினைப்பே அவர்களைக் காத்தது.

இதனைக் கற்க நாம் அவுஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியதில்லை என்பது பின்னர்தான் எமக்கு உறைத்தது. எமது வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசு உறுதி எழுதுங்கால், மூலம் சொந்தக்காரர் கையில் இருக்கும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். ஒரே எழுத்து மூன்று கையில், மூன்று இடத்தில். போர்க் காலத்தில் மன்னாரிலிருந்து மடுவுக்கும், தோணியேறி இராமேஸ்வரத்துக்கும் ஓடிய எத்தனையோ குடும்பங்கள் பொலித்தீன் பையிற் சுற்றிய உறுதியை வழியில் இழந்தன. மீண்டு வந்தபோது பதிவகப் பிரதி கிடைத்தவர், இது எம் வளவு என்று நிமிர்ந்து சொன்னார். கிடையாதவர் கண்ணீர் விட்டார். கணனி அறிஞர் இன்று வலியுறுத்தும் "மூன்று பிரதி" என்னும் விதி, எம் மக்கள் வாழ்ந்து அறிந்த விதியே.

ஏட்டுச் சுவடிகளின் கதையும் இதுவே. பனையோலை காலத்தில் இற்றுப்போகும் என்று அறிந்த முன்னோர், தலைமுறைதோறும் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதிய நூல் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கைக்கும் உ. வே. சாமிநாதையரின் கைக்கும் எட்டி அச்சேறியது. எழுதாதது செல்லுக்கு இரையாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதனவற்றையே நாம் இன்றும் நினைந்து வருந்துகிறோம்.

ஆகவே அந்த மாணாக்கருக்கு நாம் கூறியவற்றை இங்கும் எழுதுகின்றோம். பிறர் அனுபவங்களைப் படித்தல் நன்றே. ஆனால் வேகத்தையும் விலையையும் பற்றிய புகழ்ச்சியைத் தள்ளிவிட்டு, இழந்த பொருளை மீட்டுப் பெற்றோம் என்றோ, பெற முடியவில்லை என்றோ எழுதியவர்களைத் தேடிப் படியுங்கள். மூலம் எங்கே இருக்கிறது, பிரதி எங்கே இருக்கிறது, இரண்டும் ஒரே கூரையின் கீழா என்று கேளுங்கள். வாடகை தவறினால் எத்தனை நாள் பொறுப்பார்கள், அறிவித்தல் யாருக்கு வரும் என்பதைக் கேளுங்கள். அந்த முகவரி ஒருவருடையதாக இராமல், நிலையத்தில் உள்ள இருவர் மூவர் நாள்தோறும் பார்ப்பதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பனிக்கு வெளியே உங்கள் கையில் ஒரு பிரதி வையுங்கள். வைத்த பிரதியை ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து பாருங்கள். திறந்து பாராத பிரதி, திறந்து பாராத சிப்பியைப் போன்றது.

முதியவரின் குரல் என்னவாயிற்று என்று வாசகர் கேட்பர். அவரைப் பேட்டி கண்ட மாணவி, தம் அம்மம்மா கேட்பதற்காகச் சிறிது பகுதியைப் பழைய தொலைபேசியொன்றில் வைத்திருந்தார். பதினொரு நிமிடம் மட்டும் மிஞ்சியது. புயல் அடித்த இரவு அதில் இல்லை. இறங்குதுறைத் தேநீர்க் கடையைப் பற்றியும், இந்தியாவிலிருந்து வந்த பெட்டிகளின் பாரத்தைப் பற்றியும் அவர் சொல்லி, இடையிடையே இருமுகிறார். மகள் அதனை இருமுறை கேட்டார். "இருமலும் அப்பாவின்ரதான்" என்று சொல்லிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பதினொரு நிமிடமும் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. மற்றப் பதினாறு பேரில் ஐவர் இன்னும் நம்மிடையே உளர். வருகிற தவணை விடுமுறையில், புதிய மாணாக்கர் சிலருடன் அவர்கள் வீடுகளுக்கு மீண்டும் போவதாய் இருக்கின்றோம்.