உச்ச வேகமும் எதிரே வருபவரும்

இயந்திரங்களைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பானது என்றொரு மனப்போக்கு நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. வேகத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். வேகம் என்றால் அவசரம், அவசரம் என்றால் ஆழமின்மை என்று ஒரு சமன்பாட்டை வகுத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருந்துவருகிறோம். இந்தச் சமன்பாடு பிழையானது என்பது நமது எண்ணம். வேகத்தை விரும்புகிறவனை இகழ்வது எளிது. அவன் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டு, அதில் எது போற்றத்தக்கது, எது கண்டிக்கத்தக்கது என்று பிரித்தறிவதே கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்து பார்க்க, இலக்கிய வாசகர்கள் அதிகம் எண்ணிப் பார்த்திராத ஒரு பொருளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் பாயும் ஜெட் ஸ்கீ என்னும் நீர் ஊர்தியையும், அதன் எஞ்சினைப் பிரித்து மாற்றியமைத்து மேலும் சில மைல் வேகத்தைக் கறந்துவிடத் துடிக்கும் மனிதர்களையும் பற்றியது இது.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர்தி பிறந்ததே ஒரு கைவேலைக்காரரின் பிடிவாதத்தால்தான். அரிசோனா மாநிலத்தின் மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான கிளேட்டன் ஜேக்கப்சன், மண்ணில் விழுந்து அடிபடுவதைக் காட்டிலும் நீரில் விழுவது மேல் என்று எண்ணி, 1960களில் நீர்மேல் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிப் பார்த்தார். கனடாவின் பாம்பார்டியர் நிறுவனம் அவருடைய எண்ணத்தை வாங்கி, அக்காலத்தின் இறுதியில் ‘சீ-டூ’ என்ற பெயரில் விற்றுப் பார்த்துச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. பின்னர் 1973இல் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் ‘ஜெட் ஸ்கீ’ என்ற வணிகப் பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே இன்று எல்லா நிறுவனங்களின் ஊர்திகளுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. ஆக, தொழிற்சாலை தந்ததை அப்படியே ஏற்காமல் திருத்திப் பார்க்கும் புத்தி இதற்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயன்று. அதுவே இதன் மூலவித்து. திருத்துகிறவர்களை ஒட்டுமொத்தமாகப் பழிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

அந்தத் திருத்தம் என்பதுதான் என்ன? இந்த ஊர்திக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிப்பகுதியில் உள்ள வாய் வழியாக நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் அதை அழுத்தி, பின்னால் ஒடுங்கிய குழாய் வழியே பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலின் எதிர்விசைதான் ஊர்தியை முன்தள்ளுகிறது. இம்பெல்லரின் இதழ்ச் சாய்வைக் கூட்டினால் ஒரு சுற்றுக்கு அதிக நீரைத் தள்ளலாம். ஆனால் எஞ்சின் திணறிச் சுழற்சி குறைந்துவிடும். சாய்வைக் குறைத்தால் எஞ்சின் வீறிட்டுச் சுழலும். ஊர்தியோ நகர மறுக்கும். இம்பெல்லருக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மயிரிழை அளவு கூடினாலும் நீர் நழுவி, அழுத்தம் குன்றி, ஆவிக் குமிழிகள் தோன்றி வேகத்தைத் தின்றுவிடும். மணலும் சரளையும் அரித்த வளையத்தை மாற்றுவதே செலவு குறைந்த வேகக் கூட்டல் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். நீரை உள்வாங்கும் வாயின் கம்பிச் சட்டத்தை மாற்றுவது, பின்னடியில் உள்ள தகட்டை மாற்றி நீரில் படும் பரப்பைக் குறைப்பது, பீய்ச்சும் குழாயின் வாயை ஒடுக்குவது என்று இது நீள்கிறது. இறுதியில் எஞ்சினின் கணினியைத் திறந்து அதன் கட்டளைகளைத் திருத்தி எழுதுவதும், பெரிய சூப்பர்சார்ஜர் பொருத்துவதும் வரும். காற்றைக் கூட்டியவன் அதற்கேற்ப எரிபொருளைக் கூட்ட மறந்தால் பிஸ்டன் உருகிவிடும்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று குலையும் இந்த வேலை, யாப்பு தெரிந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும். தளையைச் சரிசெய்தால் பொருள் நழுவும். பொறுமையும் செவிநுட்பமும் இல்லாதவனால் செய்யக்கூடிய வேலையன்று இது. நம் மாணவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் கூர்ந்த கவனத்தை, பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த ஒருவர் நாள்தோறும் கடைப்பிடிக்கிறார் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் கூடாது.

ஆயினும் இயற்கை இந்த வேலைக்கு ஒரு கடுமையான விலையை வைத்திருக்கிறது. நீரும் காற்றும் தரும் எதிர்ப்பு, தோராயமாக வேகத்தின் இருபடியாக வளர்கிறது. எனவே தேவைப்படும் திறன் முப்படியாக வளர்கிறது. மணிக்கு 65 மைல் வேகத்தை, அதாவது சுமார் 105 கிலோமீட்டரை, 80 மைலாக்க வேண்டுமானால் வேகக் கூடுதல் 23 விழுக்காடுதான். ஆனால் திறன் ஏறத்தாழ 1.86 மடங்காக வேண்டும். கணக்கு கரடுமுரடானது என்றாலும் அது காட்டும் திசை ஐயத்துக்கு இடமற்றது. கடைசிப் பத்து மைலுக்குத்தான் முதல் ஐம்பது மைலைவிட அதிகப் பணமும் உழைப்பும் கரைகின்றன. 2011ஆம் ஆண்டு மாதிரியிலேயே தொழிற்சாலையிலிருந்து 300 குதிரைத்திறனோடு ஊர்திகள் வந்துவிட்டன. அதுவும் போதாதென்று பிரித்துப் பூட்டுகிறவர்களின் கூட்டம் சிறியதன்று.

இங்கேதான் அந்த 65 என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தங்கள் ஊர்திகளின் உச்ச வேகத்தை 65 மைலுக்கு அருகில் நிறுத்திக்கொள்வதென அமெரிக்கக் கடலோரக் காவல் படையுடன் பேசித் தயாரிப்பாளர்கள் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். நெடுங்காலம் அந்த எல்லையை ஒட்டியே நடந்தும் வந்தனர். இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. கனவான்களின் உடன்பாடு என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். எஞ்சினால் முடியும், ஆயினும் அதன் கணினி ‘இதுவரை போதும்’ என்று நிறுத்துகிறது. அந்தச் சொல்லை அழித்து எழுதுவதே இன்றைய திருத்தக்காரர்களின் முதல் வேலையாக இருக்கிறது.

அவர்களுடைய வாதத்தையும் கேட்போம். காசு கொடுத்து வாங்கிய எஞ்சினின் முழுத்திறனையும் அனுபவிக்க உரிமை இல்லையா? சாலையில் ஓடும் காருக்கு இல்லாத கட்டுப்பாடு, பரந்த ஏரியில் ஓடுவதற்கு ஏன்? அதைவிட விரைந்து செல்லும் விசைப்படகுகளை யாரும் தடுப்பதில்லையே? கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை. குறிப்பாகக் கடைசிக் கேள்வி வலுவானது. ஆனால் இவை அனைத்தும் ஊர்தியை மட்டுமே பார்க்கின்றன. அது ஓடும் நீரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் இவ்வகை ஊர்திகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பொழுதுபோக்குக் கலங்களில், மரணத்துக்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதாக இல்லாத ஒரே வகை இதுதான் என்று அது சுட்டிக்காட்டியது. மோதி அடிபட்டே அதிகம் பேர் இறந்திருந்தனர். காரணங்களில் ஒன்று இதன் அமைப்பிலேயே இருக்கிறது. இதற்குச் சுக்கான் இல்லை. பீய்ச்சும் நீரின் திசையை மாற்றித்தான் இது திரும்புகிறது. எதிரே ஏதோ தெரிகிறது என்று அஞ்சிக் கையை விசையிலிருந்து எடுத்தால் பீய்ச்சல் நிற்கும். பீய்ச்சல் நின்றால் திருப்பும் ஆற்றலும் போய்விடும். பயந்தவுடன் கை தானாகச் செய்யும் செயலே ஊர்தியை நேராக மோதலுக்குக் கொண்டு செல்கிறது. இக்குறையைப் போக்கப் பின்னாளில் துணை ஏற்பாடுகள் வந்தன. 2009ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து பிரேக்கும் சிலவற்றில் வந்தது. ஆனால் பழைய ஊர்திகளும், பந்தயக் கனவில் இவற்றைக் கழற்றி எறிந்த ஊர்திகளும் இன்னும் நீரில்தான் இருக்கின்றன.

இப்போது இன்னொரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 65 மைல் வேகத்தில் ஊர்தி ஒரு நொடிக்கு 29 மீட்டர் கடக்கிறது. 80 மைலில் சுமார் 36 மீட்டர். மோதினால் தாக்கும் ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. 80 மைலில் இரண்டு ஊர்திகள் எதிரெதிரே வந்தால் இடையிலுள்ள 200 மீட்டர் மூன்று நொடிக்குள் தீர்ந்துபோகும். பார்த்து, புரிந்து, முடிவெடுத்து, கையை அசைக்க வேண்டிய நேரம் அது. கணினிக் கட்டளையைத் திருத்தி எழுதலாம். மனிதக் கண்ணையும் கையையும் அப்படித் திருத்த முடியாது. பின்னிருக்கையில் இருப்பவரையும் மறக்கக் கூடாது. திடீர் விசையில் அவர் பின்னால் விழுந்தால், பீய்ச்சும் நீர் உடலுக்குள் புகுந்து உள்ளுறுப்புகளைச் சிதைக்கக்கூடும் என்பதால், தடித்த நீருடை அணியும்படி ஊர்தியின் மீதே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது. வேகத்தைக் கூட்ட முடிவெடுத்தவர் முன்னால் அமர்ந்திருப்பவர். விழுகிறவர் பெரும்பாலும் அந்த முடிவில் பங்கில்லாதவர்.

வேகத்தையும் எழுத்தையும் ஒருசேர நேசித்த ஒருவரை இலக்கிய வாசகர்கள் நன்கு அறிவார்கள்: ‘அரேபிய லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ். ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ நூலை எழுதியவர், ஷா என்ற பெயரில் பிரிட்டிஷ் விமானப் படையில் சாதாரண ஊழியராகப் பணியாற்றிய காலத்தில் படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1931இல் பிளிமத் அருகே கடலில் ஒரு பறக்கும் படகு விழுந்து நொறுங்கியதை அவர் நேரில் கண்டு மீட்புப் பணியில் இறங்கினார். மெதுவாக ஊர்ந்து செல்லும் படகுகளால் பயனில்லை என்பதை உணர்ந்து, நீரைக் கிழித்துச் செல்லாமல் நீர்மேல் எழும்பிச் சறுக்கிச் செல்லும் விரைவுப் படகுகளைச் சோதித்துச் சீராக்குவதில் அடுத்த ஆண்டுகளைச் செலவிட்டார். அந்த வேகம், மூழ்கிக்கொண்டிருப்பவனை நோக்கிச் செல்லும் வேகம்.

அதே லாரன்ஸ் 1935 மே மாதம் தமது பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் செல்கையில், சாலையில் சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமல் விலக முயன்று தூக்கியெறியப்பட்டு, ஆறு நாட்களுக்குப் பின் இறந்தார். அவரைச் சோதித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், அந்த மரணத்தால் தூண்டப்பட்டுத் தலைக்கவசம் குறித்த ஆய்வில் ஈடுபட்டார். நம் பொருளுக்கு வேண்டியது அந்த இரு சிறுவர்கள்தாம். அவர்கள் வேகத்தைத் தேர்ந்தவர்கள் அல்லர். சாலையில் இருந்தார்கள், அவ்வளவே. நீர்ப்பரப்பிலும் அத்தகையோர் எப்போதும் இருக்கிறார்கள்: நீந்துகிறவர், துடுப்புப் போடுகிறவர், தூண்டிலிட்டு அமர்ந்திருப்பவர், அன்றுதான் வாடகைக்கு ஊர்தி எடுத்துத் தடுமாறும் ஒரு குடும்பத்தலைவர்.

இவர்களை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் சான் ஹுவான் மாவட்டம் 1996இல் தன் நீர்ப்பரப்பில் இந்த ஊர்திகளையே தடைசெய்தது; 1998இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2000இல் தேசியப் பூங்கா நிர்வாகம் தன் பூங்காக்களில் பெரும்பாலானவற்றின் கதவை இவற்றுக்கு அடைத்தது. இரைச்சலும் புகையும் ஆபத்தும் சேர்ந்து விளைவித்தவை இவை. நிதானமாக ஓட்டியவர்களும் சேர்ந்தே வெளியேற்றப்பட்டார்கள். தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளாத கலையைப் பிறர் வந்து கட்டுப்படுத்துவார்கள். அப்போது அவர்கள் நுட்பம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனவே நமது நிலைப்பாடு இது. திருத்தும் கலை வாழ வேண்டும்; அதற்குரிய இடம் எல்லை குறிக்கப்பட்ட பந்தயத் தடம். உலக இறுதிப் போட்டிகள் பல்லாண்டுகளாக நடந்துவரும் அரிசோனாவின் ஹவாசு ஏரியில், மிதவைகள் நட்டு, மீட்புப் படகுகள் நிறுத்தி, ஒரே ஆபத்தை அறிந்தே ஏற்றவர்கள் மட்டும் இறங்கும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே யாரும் 65இல் நிற்க வேண்டியதில்லை. பொது நீரிலோ, அந்த எண்ணை அழிப்பது எஞ்சினின் விலங்கை அவிழ்ப்பதாகாது. முன்பின் அறியாத ஒருவருக்கு அவர் கேட்காமலே தந்த வாக்கை முறிப்பதாகும். அது சட்டமன்று என்பதாலேயே அதைக் காப்பதில் பொருள் கூடுகிறது.

திருத்தக்காரர்களிடம் நாம் கேட்பது மிகையானதன்று. எட்டிய உச்ச வேகத்தை எழுதி வைக்கும்போது, அந்த வேகத்திலிருந்து நிற்க எத்தனை மீட்டர் ஆயிற்று என்பதையும் அருகிலேயே எழுதி வையுங்கள். விலக எவ்வளவு இடம் வேண்டியிருந்தது என்பதையும் எழுதுங்கள். மயிரிழை இடைவெளியைக்கூட அளக்கத் தெரிந்த கைகளுக்கு அது இயலாத காரியமன்று. இலக்கியம் பயின்றவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அந்த எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்வது. வேகத்தைப் பொத்தாம்பொதுவாகப் பழிக்கிறவர் சொல்வதை எந்தப் பட்டறையும் காதில் வாங்காது. இம்பெல்லரின் சாய்வைப் புரிந்துகொண்டு பேசுகிறவர் சொல்லும் இரண்டாவது எண்ணையாவது கொஞ்சம் நின்று கேட்கக்கூடும்.